18446744073709551617 முதன்மை எண்தானா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு தந்தை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற அவருடைய மகள், சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைக்கும் பழைய கதையின் மொத்தத்தை, அதாவது 18446744073709551615 ஐ, எடுத்திருக்கிறாள். 5இல் முடிகிற எண் முதன்மை எண்ணாக இருக்காது என்று இரண்டைக் கூட்டியிருக்கிறாள். வந்தது 18446744073709551617. பைத்தனில் ஒரு சின்ன நிரல் எழுதி 2 இலட்சம் வரை எல்லா எண்ணாலும் வகுத்தாளாம், ஒன்றாலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. பிறகு எங்கேயோ வாசித்த ஃபெர்மா சோதனையையும் செய்தாள். 2ஐ (எண் − 1) என்ற வலுவுக்கு உயர்த்தி அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 1தான் வந்தது. ஆகவே முதன்மை என்று முடிவுகட்டிவிட்டாள். ரியூசன் ஆசிரியரோ "இல்லை" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை. யார் சரி என்பது தந்தையின் கேள்வி. ஆனால் அவர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உண்மையில் கேட்பது வேறு: இரண்டு சோதனையில் தேறிய எண்ணை எப்படி ஒருவர் "இல்லை" என்று சொல்ல முடியும்?

ஆசிரியர் சரி. இது சேர்த்தி எண். 274177ஐ 67280421310721 ஆல் பெருக்கினால் இந்த எண் வரும். இரண்டுமே முதன்மை எண்கள், ஆகையால் 1ஐயும் தன்னையும் சேர்த்து இதற்கு மொத்தம் நான்கு வகுத்திகள்தான். மகள் 2 இலட்சத்தில் நிறுத்தினாள், சின்னக் காரணி 2 இலட்சத்து 74 ஆயிரத்தில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: நாங்கள் முதன்மை எண் என்பதை நீங்கள் பகா எண் என்பீர்கள், சேர்த்தி எண் என்பது உங்கள் பகு எண், வலு என்பது உங்கள் அடுக்கு.)

பெருக்கிப் பார்க்கச் சாதாரணக் கணிப்பான் போதாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். எக்செலில் இந்த எண்ணைத் தட்டினால் முதல் 15 இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் பூச்சியமாக்கிவிடும். சி மொழியில் 64 பிட் பெட்டிக்குள் போட்டால் இன்னும் வேடிக்கை, 1 என்று காட்டும். அந்தப் பெட்டியின் கொள்ளளவு சரியாக நெல்மணி எண் வரைதான், இது அதைவிட இரண்டு கூட. பைத்தன் முழு எண்களை எவ்வளவு நீளமானாலும் அப்படியே வைத்திருக்கும், ஆகவே மகள் கையில் எடுத்த கருவி சரியானது. பிழை கருவியில் இல்லை.

நெல்மணி மொத்தம் 2⁶⁴ − 1. இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1. பிள்ளை தற்செயலாகப் போய் விழுந்த இடம் எண்கணிதத்தில் மிகவும் பேர்போன இடம். 2ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வலுக்களுக்கு உயர்த்தி ஒன்று கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள். இந்த வரிசை எண்கள் எல்லாமே முதன்மையாக இருக்கும் என்று 1640 அளவில் ஃபெர்மா நம்பினார், கடிதங்களில் எழுதியும் வைத்தார். நிறுவவில்லை. 1732இல் ஒய்லர் ஆறாவதை, அதாவது 2³² + 1 ஆகிய 4294967297ஐ, 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். மகளின் எண் அதற்கு அடுத்தது. பூச்சியத்தில் இருந்து எண்ணுவது வழக்கம் என்பதால் இதற்கு ஆறாம் ஃபெர்மா எண் என்று பெயர். (65537 உங்களுக்குத் தெரியாமலே உங்களோடு இருக்கிறது. இணையத்தில் ஆர்எஸ்ஏ மறைகுறியாக்கம் நடக்கும் இடங்களில் பெரும்பாலும் பொதுச் சாவியின் வலுவாக இருப்பது அதுதான்.)

இனி அந்த 1 ஏன் வந்தது என்ற கதை. இதைத்தான் மகள் வடிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். ஃபெர்மாவின் சிறு தேற்றம் சொல்வது: p முதன்மை எண்ணாக இருந்தால், p ஆல் வகுபடாத எந்த a ஐயும் p − 1 வலுவுக்கு உயர்த்தி p ஆல் வகுத்தால் மீதி 1. மறுதலை உண்மையல்ல. 1 வந்தது என்பதற்காக முதன்மை என்று ஆகாது, 1 வராவிட்டால்தான் நிச்சயமாக முதன்மை இல்லை. பொதுவாக இது பெரிய குறை இல்லை, சும்மா ஒரு சேர்த்தி எண்ணை எடுத்தால் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால் இந்த எண்ணிடம் இரண்டை வைத்துக் கேள்வி கேட்டால் அது ஒருநாளும் பிடிபடாது. பாருங்கோ: எண்ணை N என்போம். N = 2⁶⁴ + 1. ஆகவே 2⁶⁴ என்பது N ஐவிட ஒன்று குறைவு, மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை வர்க்கித்தால் 2¹²⁸ இன் மீதி 1. சோதனையில் நாம் உயர்த்தும் வலு N − 1, அதாவது 2⁶⁴. அது 128இன் மடங்கு. 1ஐ எத்தனை தரம் பெருக்கினாலும் 1. முடிந்தது. N முதன்மையா இல்லையா என்ற கேள்வியே இந்தக் கணக்குக்குள் வரவில்லை. எல்லா ஃபெர்மா எண்களும் இதேபோல 2இன் சோதனையில் தேறிவிடும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அதுதான். இதைவிடக் கடுமையான மில்லர்–ராபின் சோதனையைக்கூட 2ஐ மட்டும் வைத்துச் செய்தால் தேறிவிடும். ஃபெர்மாவே இதில்தான் ஏமாந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது ஊகம், அவர் எதை வைத்து நம்பினார் என்று அவர் எழுதவில்லை.

அப்படியானால் காரணி தெரியாமலே "இல்லை" என்று சொல்ல வழி உண்டா? உண்டு, மகள் தன்னுடைய நிரலில் இரண்டே இரண்டு இடம் மாற்றினால் போதும். 2க்குப் பதில் 3. வலு N − 1க்குப் பதில் அதில் பாதி, அதாவது 2⁶³. மீதி N − 1 வந்தால் முதன்மை, வேறு எது வந்தாலும் சேர்த்தி. ஃபெர்மா எண்களுக்கென்றே பெப்பின் 1877இல் கொடுத்த சோதனை இது, இரண்டு பக்கமும் வெட்டும்: தேறினால் முதன்மை என்பதும் நிறுவப்பட்டதுதான், தோற்றால் சேர்த்தி என்பதும் நிறுவப்பட்டதுதான். 3ஐ 63 தரம் வர்க்கித்து, ஒவ்வொரு தரமும் N ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் போதும். மகளின் எண் இதில் தோற்கும். தோற்றபின்னும் காரணி என்ன என்பது தெரியாது. பிள்ளைகளுக்கு இதுதான் சங்கடமாக இருக்கும். உடையும் என்று தெரியும், எங்கே உடையும் என்று தெரியாது. அது கணக்கில் உள்ள ஓட்டை அல்ல. உடையும் என்று காட்டுவதும் உடைப்பதும் வேறு வேறு வேலை, இரண்டாவது மிகக் கடினம்.

வேறொரு சாட்சியும் உண்டு, எனக்கு இது மிகவும் பிடித்தது. 4ஆல் வகுத்தால் மீதி 1 வரும் முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுதலாம். எங்கள் எண்ணுக்கு ஒரு விதம் வெளிப்படை: 4294967296² + 1². மற்றது 4046803256² + 1438793759². இரண்டு விதம் இருக்கிறபடியால் முதன்மை இல்லை. நம்பாவிட்டால் கொப்பி பேனையை எடுத்துப் பெருக்குங்கோ. கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் பார்க்க ஒரு நிமிடம் காணும்: 56இன் வர்க்கம் 36இல் முடியும், 59இன் வர்க்கம் 81இல் முடியும், கூட்டினால் 17. முழுவதையும் நான் பெருக்கிப் பார்த்தேன், சரிவந்தது.

இப்போது காரணி எப்படி அகப்பட்டது என்பதற்கு வருவோம். 2 இலட்சம் எண்களால் வகுத்தது மகளின் உழைப்பு, ஆனால் அதில் ஏறக்குறைய முழுவதும் வீண். ஏனென்றால் இந்த எண்ணின் காரணி எந்த உருவத்தில் இருக்கும் என்பது தேடத் தொடங்கமுன்னமே தெரியும். p என்ற முதன்மை எண் N ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கோ. 2இன் வலுக்களை p ஆல் வகுத்து மீதிகளை எழுதினால், 64ஆவது வலுவில் −1, 128ஆவது வலுவில் 1. ஆகவே மீதிகள் 128க்கு ஒருமுறை திரும்பி வரும், அதற்கு முன் வராது. ஆனால் சிறு தேற்றப்படி p − 1 ஆவது வலுவிலும் 1 வரவேண்டும். அதனால் p − 1 என்பது 128இன் மடங்கு. ஒய்லர் இதே வாதத்தை முந்திய எண்ணுக்குச் செய்தார். அங்கே 64இன் மடங்கோடு ஒன்று, பத்தாவது மடங்கில் 641. 1878இல் லூகா இன்னும் ஒரு படி போனார்: இப்படிப்பட்ட p களுக்கு 2 தானே ஒரு வர்க்கத்தின் மீதியாக அமையும், ஆகவே 128 அல்ல, 256இன் மடங்கோடு ஒன்று. எங்கள் எண்ணின் காரணிகள் எல்லாம் 257, 513, 769, 1025 என்று 256 இடைவெளியில்தான் நிற்கவேண்டும். அதிலும் முதன்மை எண்களை மட்டும் பார்த்தால் போதும். முதல் பதின்மூன்றில் 257, 769, 3329 ஆகிய மூன்றுதான் மிஞ்சும். 257ஐயும் வெட்டிவிடலாம். முந்திய ஃபெர்மா எண்கள் ஆறையும் பெருக்கினால் வருவது நெல்மணி எண், அதோடு 2 கூட்டியது மகளின் எண். 257 நெல்மணி எண்ணை மீதியின்றி வகுக்கும், ஆகவே மகளின் எண்ணை வகுத்தால் மீதி 2 வரும். அதே காரணத்தால் 3, 5, 17, 641, 65537, 6700417 எதுவும் இதனருகே வராது. 274177 என்பது 256 × 1071 + 1. ஆயிரத்து எழுபத்தோராவது இடம். 2 இலட்சம் தரம் வகுத்தும் அகப்படாதது, ஆயிரத்து எழுபத்தொரு தரத்தில் அகப்படும்.

எனக்கு இந்த 274177 பழைய பழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் உயர்தரம் படித்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம், மண்ணெண்ணெய் விலை தெரியும்தானே, ஜாம் போத்தலில் பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் போட்டு எரியும் விளக்கு. அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலக் கணிதப் புத்தகத்தில் இந்த எண்ணுக்கு 274177 காரணி என்று ஒரு வரி மட்டும் இருந்தது. இருபது இலக்கத்தை ஆறு இலக்கத்தால் நீளமாக வகுத்தேன். மூன்று தரம் செய்து மூன்று விடை வந்தது. அண்ணா முறையான ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எண்ணை முழுக்க ஏன் தூக்குறாய், மீதியை மட்டும் தூக்கு" என்றார். 2¹⁶ = 65536. அதன் வர்க்கம் 4294967296. 274177ஆல் வகுத்தால் 15664 தரம் போய் மீதி 258768. அதை 15409 குறைகிறது என்று எழுதினால் கைக்கு அடக்கம். 15409ஐ வர்க்கித்தால் 237437281. பக்கத்தில் 274177 × 866 போட்டேன், 237437282. ஒன்று வித்தியாசம். எங்கேயோ ஒன்று விட்டுவிட்டேன் என்று கொப்பியை அழித்து அழித்துத் திரும்பச் செய்தேன், அந்த ஒன்று போகவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபிறகுதான் உறைத்தது: ஒன்று குறைவதுதான் விடை. 2⁶⁴ இன் மீதி −1, ஒன்று கூட்டினால் பூச்சியம், வகுபடுகிறது. மகளைக் கட்டாயம் இந்த மூன்று வரியையும் கையால் செய்யச் சொல்லுங்கோ. நிரல் காட்டும் விடையைவிட அது அவளிடம் நிற்கும்.

மனிதர்கள் இதை எப்போது கண்டார்கள் என்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. புத்தகங்களில் வழக்கமாகக் காண்பது லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், 1880. அப்போது அவருக்கு 82 வயது. தான் கையாண்ட முறையை அவர் முழுதாக வெளியிடவில்லை, பின்னால் வந்தவர்கள் அவருடைய எழுத்துகளில் இருந்து மீட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் அவருக்கு 25 வருடம் முந்தியே, 1855இல், கிளவுசன் என்ற வானியலாளர் இரண்டு காரணிகளையும் கணித மேதை காஸுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். காஸ் அடுத்த சில வாரங்களில் இறந்துவிட்டார். கடிதம் வெளிச்சத்துக்கு வர நூறு வருடத்துக்கு மேல் சென்றது. ஆகவே முதலில் கண்டவர் கிளவுசன், முதலில் உலகத்துக்குச் சொன்னவர் லாண்ட்ரி என்று சொல்வதுதான் நியாயம். பெரிய காரணி 67280421310721 முதன்மைதான் என்று காட்டுவதும் கையால் செய்ய ஏலாத வேலை அல்ல. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 82 இலட்சம், காரணி இருந்தால் அதுவும் அதே 256 இடைவெளியில்தான் நிற்கும், ஆகவே பார்க்கவேண்டிய இடங்கள் ஏறக்குறைய 32 ஆயிரம், சேர்த்தி எண்களைக் கழித்தால் இன்னும் குறையும். பொறுமைசாலிக்கு ஒரு வருடத்து வேலை என்று வையுங்கோ.

நான் பள்ளியில் கணிதம் படிப்பித்தவன், ஆராய்ச்சிக்காரன் அல்லன். ஆகவே நிச்சயமானது எது, நம்பிக்கை எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன காரணிகள், உருவம், பெப்பின் சோதனை எல்லாம் நிறுவப்பட்டவை, பெருக்கிப் பார்த்து நீங்களே உறுதிசெய்யலாம். இந்த அளவு எண்களுக்கு மில்லர்–ராபின் சோதனையை 2 முதல் 37 வரையான பன்னிரண்டு முதன்மை எண்களை வைத்துச் செய்து தேறினால் அதுவும் நிறுவலுக்குச் சமம். ஏறத்தாழ 24 இலக்கம் வரை இந்தப் பன்னிரண்டும் ஏமாறுவதில்லை என்று காட்டியிருக்கிறார்கள். அதற்கு மேலே போனால் தேறியது பலமான நம்பிக்கை மட்டும்தான். 65537க்குப் பிறகு இன்னொரு ஃபெர்மா முதன்மை எண் இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் நினைக்கிறேன், காரணம் எண்கள் அவ்வளவு வேகமாகப் பெருத்து, முதன்மையாக இருக்கும் வாய்ப்பு அவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. ஆனால் அது நினைப்பு. யாரும் நிறுவவில்லை. இருபதாம் ஃபெர்மா எண்ணுக்கு 315653 இலக்கங்கள். அது சேர்த்தி என்று எண்பதுகளிலேயே தெரிந்துவிட்டது, ஆனால் ஒரு காரணியும் இன்னும் அகப்படவில்லை. முப்பத்து மூன்றாவதுக்கு 258 கோடிக்கு மேல் இலக்கங்கள். அது முதன்மையா சேர்த்தியா என்பதே திறந்த கேள்வி.

மகள் அடுத்ததாக 2¹²⁸ + 1 ஐத்தான் எடுப்பாள், என்னிடம் படித்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அது 39 இலக்க எண். சேர்த்தி என்று 1905இல் பெப்பின் சோதனையால் தெரிந்தது, உடைந்தது 1970இல். அறுபத்தைந்து வருட இடைவெளி. அவளை முதலில் பெப்பின் சோதனையைச் செய்யச் சொல்லுங்கோ, கண்மூடித் திறக்கமுன் விடை வந்துவிடும். காரணி தேடுகிறேன் என்று 512 இடைவெளியில் வகுத்துக்கொண்டு போக விடாதீர்கள். அதன் சின்னக் காரணி 59649589127497217. ஒரு விநாடிக்கு ஒரு கோடி தரம் வகுத்தாலும் 134 நாளுக்கு மேல் செல்லும். மின்கட்டணம் நீங்கள்தானே கட்டுவது.